வால்நட் கட்டையில் ஒரு குங்குமப் பொட்டு

"இதுக்கு யார் குங்குமம் வைக்கச் சொன்னது?"

ஜெயபாலன் கையில் பிடித்திருந்தது முழுத் துப்பாக்கி அல்ல. அதன் பின்பாதி மட்டும். தோளில் அண்டக் கொடுத்துக் குறிபார்க்கும் மரக்கட்டை. ஸ்டாக் என்பார்கள். மெருகு எதுவும் ஏறாத புது வால்நட் மரம். இரும்புப் பாகத்தை லைசென்ஸ் இல்லாமல் கடையில் தரமாட்டார்கள். வெறும் கட்டையை யார் கேட்பது? அதை மட்டும் ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

"ஆயுத பூஜையில்ல இன்னிக்கு," என்றாள் செல்வி. "சுத்தியலுக்கு வெச்சேன், தையல் மெஷினுக்கு வெச்சேன், காருக்கு வெச்சேன். வீட்டுல இருக்கிற ஒரே ஆயுதத்துக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

பதில் இல்லாத கேள்வி என்றால் ஜெயபாலனுக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும்.

கோபத்துக்கு நியாயமும் இருந்தது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மற்ற சூப்பர்வைசர்கள் முதலாளி க்ரேக்கோடு மான் வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வந்து, "இந்தா, உனக்கும் கொஞ்சம்" என்று ஒரு இறைச்சிப் பொட்டலத்தைக் கையில் வைப்பார்கள். அவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகப் பொட்டலம்தான். வருகிற தொண்ணூற்றேழாம் வருட ஈஸ்டருக்குத்தான் க்ரேக் வாய் திறந்து, "லைசென்ஸும் சொந்தத் துப்பாக்கியும் இருந்தால் நீயும் வா" என்றிருந்தார்.

"பொம்பளைங்களும் போறாங்களா?" என்று அன்றே கேட்டாள் செல்வி.

"க்ரேக் பொண்டாட்டி போறாங்க. நீ வந்து என்ன பண்ணப் போறே, காட்டுல சோறாக்கவா?"

லைசென்ஸ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

துப்பாக்கி பார்க்கப் போனபோது கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பிளாஸ்டிக் கட்டைதான் சரி. மழையில் நனையலாம், பாறையில் இடிக்கலாம், பராமரிப்பே வேண்டாம்" என்றார். அந்த 'உங்களுக்கு' ஜெயபாலனுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றவனுக்கெல்லாம் வால்நட், எனக்கு மட்டும் பிளாஸ்டிக்கா? பகல் முழுக்க வாளிக்குள் தலையைக் கொடுத்திருப்பவன் வேட்டைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு போகவா? இருந்ததிலேயே நல்ல வால்நட்டைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"மழைக்கு பிளாஸ்டிக் நல்லதுன்னு வகுப்புல கூட சொன்னாங்களே," என்றாள் செல்வி. த்ரீ கிங்ஸ் பகுதியில் நடந்த துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்கு அவள்தான் காரோட்டிக்கொண்டு போவாள். முடியும்வரை, பரீட்சை அன்றும்கூட, பேனாவும் கையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

"வகுப்பு எடுத்தவனுக்கு என்ன தெரியும்? பரீட்சையில ஒரு கேள்வியே தப்பு. தப்புன்னு தாளுக்குப் பின்னாடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

முடிவு இன்னும் வரவில்லை. அதிலும் அவனுக்குக் கோபம்.

முதலில் ஈரத்துணியால் துடைத்தான். பொட்டு அழியவில்லை, பரவியது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தான். சிவப்பு போய்ப் பளிச்சென்று மஞ்சள் ஆயிற்று. பாத்திர சோப்பைப் போட்டான். மஞ்சள் மறுபடி சிவப்பாகி, முன்பைவிட அகலமாக வந்து உட்கார்ந்தது.

"என்ன குங்குமம் இது?"

"எப்சம் ஏரியாவுல இருக்கிற மீனாட்சி அக்கா வீட்டுல மஞ்சள்லே செஞ்சது. சுத்தமானது."

சுத்தமான குங்குமத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டினான். கறை போனது, அந்த இடம் குழி விழுந்தது. குழியை மறைக்க நல்லெண்ணெய் தேய்த்தான். எண்ணெயைக் குடிக்கட்டும் என்று துணிக்கொடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஆக்லாந்து வெயிலை நம்பித் துணிகூடக் காயப்போட முடியாது. மாலையில் வந்து பார்த்தபோது கட்டை மழையில் நன்றாக ஊறியிருந்தது.

மறுநாள் கடைக்கு எடுத்துப்போனான். கட்டை ஊதிப்போனதில் துப்பாக்கியின் இரும்புப் பாகம் அதில் பொருந்தவில்லை. கடைக்காரர் கட்டையை முகர்ந்து பார்த்தார்.

"தோசை சுட்டீர்களா?"

அவருக்கு தோசை தெரிந்திருந்ததே ஜெயபாலனுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

"இது உங்க மரத்தோட குத்தம். மரம் தெரிஞ்ச ஆள் யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் விடமாட்டேன்."

"அனுப்புகிறேன்," என்றார் கடைக்காரர், அவன் போனால் போதும் என்று.

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றார்.

"மிஸ்டர் ஜெயபாலன்? நான்..."

"வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ அட்டையை எடுக்கப் போனார். ஜெயபாலன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க, எப்படி ஊதியிருக்கு. எனக்குப் போய் பிளாஸ்டிக் சிபாரிசு பண்றாங்க. அந்தக் கடைக்காரனைப் பார்த்தா இந்தக் கட்டையாலேயே ஒண்ணு வைக்கணும்போல இருக்கு."

பெரியவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அடிக்கடி இப்படிக் கோபம் வருமா?"

"நியாயமான விஷயத்துக்கு மட்டும்தான் வரும்."

"எத்தனை நாளைக்கு ஒரு முறை?"

"தினமும் வரும். நாட்டுல நியாயம் அப்படி இருக்கு."

"வீட்டில் மனைவியிடம்?"

"அவதான் இதுக்குக் குங்குமமே வெச்சா. கோபம் வராம?" கட்டையை ஒருமுறை சுழற்றினான். அலமாரி மேலிருந்த பூச்சாடி கீழே விழுந்து உடைந்தது.

செல்வி தேநீர்த் தட்டோடு வந்தாள். உடைந்த சாடியைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இவர் கடை ஆள் இல்ல. போலீஸ்ல இருந்து துப்பாக்கி லைசென்ஸ் விஷயமா வீடு பார்க்க வந்திருக்காரு."

 ஈஸ்டர், க்ரேக், மான் எல்லாம் ஜெயபாலனின் கண்முன்னே வந்து போயின. கட்டையைத் தூங்கும் குழந்தையைப் போல மெதுவாக சோபாவில் கிடத்தினான்.

"சார், நான் இயற்கையிலேயே ரொம்ப சாந்தமான ஆளு. அந்தக் கடைக்காரர் தங்கமான மனுஷன். பிளாஸ்டிக்கே போதும், சார். நான் தினமும் செய்யறதே பிளாஸ்டிக்தான். இன்னிக்கு நடந்ததை மட்டும் எழுதிடாதீங்க. என் லைசென்ஸ்..."

பெரியவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, செல்வியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"உங்கள் விண்ணப்பம் என்னிடம் வரவில்லை, மிஸ்டர் ஜெயபாலன். நான் வந்தது உங்கள் மனைவியின் லைசென்ஸுக்காக. துப்பாக்கிப் பெட்டியின் சாவியை உங்கள் கைக்குக் கிடைக்காமல் அவர் எங்கே வைப்பார் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்."