அத்தை ஊர் இருட்டு

பந்தைச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்துக் காட்டியும் மகள் கயல் நம்பவில்லை.

"பந்துதான் பூமி. டார்ச்சு சூரியன். மேல் முனை அந்தாண்ட சாஞ்சிகினு கீது பாரு. எவ்ளோ சுத்தினாலும் அங்க வெளிச்சம் வுழாது. ரெண்டு மாசம் இருட்டுதான்," என்றான் ஆண்டனி.

"ரெண்டு மாசம் விடியாம ஒரு ஊர் இருக்குமா? சும்மா ரீல் வுடாதப்பா."

மறுநாள் அரையாண்டுத் தேர்வில் அறிவியல். சேர்ந்து படிக்க அவள் வகுப்புத் தோழி ஆஷாவும் வந்திருந்தாள். கொட்டிவாக்கம் குப்பத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஆண்டனிக்கு மற்ற பாடங்கள் என்றால் உதறல். இது மட்டும் சொந்தப் பாடம். அவன் தங்கை ரெஜினா நார்வேயின் வடகோடியில் நர்ஸ். குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள். ஐஸ் வண்டிக்காரரிடம்கூட அவன் அதைச் சொல்லியிருந்தான்.

"இரு, உங்க அத்தையே சொல்லட்டும்," என்று வீடியோ கால் போட்டான்.

ரெஜினா போர்வைக்குள் இருந்தாள். தலை சீவவில்லை. "இன்னிக்கு டூட்டி இல்லண்ணே. சும்மா படுத்துகினு கீறேன்."

"ஜன்னலாண்ட போய்க் காட்டு ரெஜி. இங்க மத்தியானம், அங்க காலைல எட்டு. கயலு நம்ப மாட்டேங்குது."

ஜன்னல் திரையை விலக்கினாள். கன்னங்கரேல் என்று இருந்தது.

"கடியாரத்தக் காட்டு அத்த," என்றாள் கயல்.

கடிகாரம் எட்டுதான் காட்டியது.

"ராத்திரி எட்டா இருந்தா?"

ஆண்டனி விடவில்லை. "ரெஜி, கொஞ்சம் தெருவுல எறங்கு. வேலைக்குப் போறவங்களக் காட்டு."

"இந்தக் குளிர்லயா?" என்று முனகிக்கொண்டே அவள் கோட்டையும் பூட்ஸையும் மாட்டினாள். பனி மூடிய தெருவில், விளக்கு வெளிச்சத்தில், பையோடு பலர் நடந்தார்கள்.

"நைட் ஷிப்டு," என்றாள் கயல்.

"ஆமா, பெருங்குடி கம்பெனிக்கு எங்க அக்காவும் இப்டித்தான் போவுது," என்றாள் ஆஷா.

"அப்போ ஸ்கூலக் காட்டு," என்று ஆண்டனி குரலை உயர்த்தினான்.

ரெஜினா மூச்சிரைக்க மேடேறினாள். கன்னம் சிவந்திருந்தது. புத்தகப் பையோடு குழந்தைகள் பனியில் சறுக்கிக்கொண்டே ஓடினார்கள். ஒரு வாண்டு அவளுக்குக் கையசைத்தது, அவளும் அசைத்தாள்.

"டியூசன்," என்றாள் கயல்.

ரெஜினா வாய்விட்டுச் சிரித்தாள். "உம் பொண்ணு வக்கீலுக்குத்தான் படிக்கணும்ணே."

ஆண்டனிக்கு எரிச்சல்தான். ஆனால் உள்ளுக்குள் மார்பு லேசாக நிமிர்ந்தது. இந்தப் பக்கம் மடக்க முடியாத மகள். அந்தப் பக்கம், உலகத்தின் உச்சியில் பனியை மிதித்துக்கொண்டு தங்கை.

"கடசியா பேக்கரி. காலைல தானே புது ரொட்டி சுடுவாங்க," என்றான்.

பேக்கரிக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்கள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்தார்கள்.

"கூட வேலை செய்றவங்கண்ணே. காபி குடிக்காம வுட மாட்டாங்களாம். அப்பால பேசுறேன்." போன் அணைந்தது.

ஆண்டனி பந்தை மூலையில் உருட்டினான். "ஒண்ணும் வெளங்கல. லீவு நாள்ல தங்கச்சியக் குளிர்ல அலைய வுட்டதுதான் மிச்சம். நாளைக்கு இன்னாத்த எழுதுவ நீ?"

கயல் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

ஆஷா புத்தகத்தை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இந்தப் பாடம் பரிட்சைக்கே இல்ல மாமா. அந்த இருட்டுல அத்தை வேலை வுட்டா வூடுன்னே கெடக்குதாம். அத்தை ஊரச் சுத்தி வந்து நாலு பேராண்ட பேசுற வரைக்கும் எதையும் நம்பக் கூடாதுன்னு கயல்தான் சொன்னா."