ஸ்டெபிலைசர் சொன்ன தீர்ப்பு

ஆவடி வட்டாரத்தில் மின்சாரத்தையே மிரட்டி வேலை வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டிலேயே ‘ஸ்டெபிலைசர்’ என்றுதான் கையெழுத்துப் போடுவார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஆவடியில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார், அவர் எலெக்ட்ரீஷியன். ஏ.சி. அறைக்குள் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவோம். அவர் காலைக் கழுவிவிட்டு நுழைவார். வோல்டேஜைச் சீராக்க, தன் கையாலேயே செய்த ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்று எப்போதும் அவர் தோள்பையில் தொங்கும். ஒரு கல்யாணத்தில் மைக் செட் புகையவே, தாலி கட்டப் போன மாப்பிள்ளையை நிறுத்தி, பெட்டியை மாட்டி முடித்த பிறகுதான் “இப்போ கட்டு நைனா” என்றாராம்.

மனிதர்களுக்கும் வோல்டேஜ் பார்ப்பார். எங்கள் முதலாளி கத்த ஆரம்பித்தால், “உனுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு சார். குந்து, தண்ணி குடி” என்பார். முதலாளியும் உட்கார்ந்துவிடுவார். இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டி ஒன்று அறிவித்தோம். மாணவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பாடம் தயாரிக்க வேண்டும். ஜெயிக்கிற பள்ளிக்கு ஒரு ஷீல்டும், கலர் மானிட்டரோடு புத்தம்புது கம்ப்யூட்டரும். கம்ப்யூட்டரைக் கொடுப்பவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் தாளாளர். அவருடைய பள்ளியும் போட்டியில் உண்டு. “அவங்கதான் ஜெயிப்பாங்க, ஷீல்டுல பேர் வெட்டிடுங்க” என்றார் முதலாளி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடையில் போய் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

எதிர்த்து நின்றவற்றில் ஒன்று சேக்காட்டுப் பெண்கள் பள்ளி. அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சென்டருக்கு வந்து, மூலையில் கிடந்த கறுப்பு வெள்ளை மானிட்டரில் மாறி மாறி உட்கார்ந்து பாடம் செய்தார்கள். “ஜெயிச்சா எங்க ஸ்கூலுக்கே வந்துடுமா சார்?” என்று வாரா வாரம் கேட்பார்கள். “நல்லா பண்ணுங்கம்மா” என்று சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

போட்டியன்று காலை, நடுவர்களாக வர வேண்டிய இரண்டு பேராசிரியர்களும் பரீட்சை வேலை என்று போன் செய்துவிட்டார்கள். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

“இதுக்கா பேஜாராவுற? நான் இட்டாரேன்” என்று ஸ்டெபிலைசர் இறங்கிப் போனார். அரைமணியில் ரயில் நிலையத்து வாசலிலிருந்து மூன்று பேரோடு திரும்பினார்: பூ விற்கும் ஞானம்மா அக்கா, டீ மாஸ்டர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்.

“யோவ், யாருய்யா இவங்க?” என்றார் முதலாளி.

“ஜட்ஜு சார். இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“இன்னாது, ஒண்ணுந் தெரியாதா? நான் அஞ்சாவது பாஸுய்யா!” என்று கூடையை இறக்கினார் ஞானம்மா.

“அத்தான்கா சொல்றேன். பாடம் நடத்துற பொட்டிதானே இது? தெரிஞ்சவனுக்கு நடத்தி இன்னா பிரயோஜனம்? தெரியாதவங்களை குந்த வச்சு நடத்து. அப்புறம் அஞ்சு கேள்வி கேளு. இவங்க வாங்குற மார்க்குதான் ஸ்கூலுக்கு மார்க்கு.”

நான் வாயைப் பிளந்து நின்றேன். நடுவருக்கே பரீட்சை வைக்கிற போட்டியை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. முதலாளி மறுக்க வாயெடுப்பதற்குள், “ஜாஸ்தி ஆவுது சார், குந்து” என்று ஸ்டெபிலைசர் நாற்காலியைத் தள்ளினார்.

மெட்ரிக் பள்ளியின் பாடம் சூரியக் குடும்பம். கோள்கள் சுழன்றன, இங்கிலீஷில் ஒரு குரல் கணீரென்று பேசியது, பின்னணியில் பிரமாதமான இசை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தாளாளர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“சூரியனுக்கு ரொம்ப கிட்ட கீறது எது?” என்று கேட்டார் ஸ்டெபிலைசர்.

ஞானம்மா யோசித்தார். “மியூஜிக்கு சூப்பரா கீதுபா.”

மற்ற இருவரும் அதையே ஆமோதித்தார்கள். மார்க், முட்டை.

அடுத்து வந்த பள்ளிகளுக்கு ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. கடைசியாகச் சேக்காடு. பாடத்தின் பெயர் ‘ரயில்வே மணி’. படம் இல்லை, பாட்டு இல்லை. ரயில் நிலையத்து போர்டில் இருப்பதுபோல் 15:10 என்று எண் வரும். அது எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். தப்பானால் ‘பரவாயில்லை, பன்னிரண்டைக் கழித்துப் பாருங்கள்’ என்று எழுத்து வரும். சரியானால் கோடுகளால் ஆன ஒரு ரயில் திரையின் குறுக்கே ஊர்ந்து போகும். ஞானம்மா முதல் இரண்டு முறை தப்பு விட்டார். மூன்றாவது முறை ரயில் ஓடியதும், “ஐய, போவுது பாரு!” என்று குதித்தேவிட்டார்.

“பதினேழு நாப்பத்திரெண்டு?” என்று கேட்டார் ஸ்டெபிலைசர்.

“அஞ்சு நாப்பத்திரெண்டு! இத்தினி வருசமா அந்த போர்டுகீழ குந்திகினு, மணி இன்னான்னு போறவன் வர்றவனை கேட்டுகினு கீறேன்.”

மூன்று பேருமே அஞ்சுக்கு அஞ்சு. ஸ்டெபிலைசர் மைக்கைப் பிடித்து, “பொட்டி சேக்காட்டுப் பொண்ணுங்களுக்கு!” என்று அறிவித்துவிட்டார்.

முதலாளி எங்கள் இருவரையும் பின்னறைக்கு இழுத்தார். “ஷீல்டுல அவர் ஸ்கூல் பேரை வெட்டி வச்சிருக்கேன்யா! மாத்திச் சொல்லு!”

ஸ்டெபிலைசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஷீல்டைக் குப்புறக் கவிழ்த்து, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகி, பின்பக்கத்து மரத்தில் எழுத்து எழுத்தாகச் சுட ஆரம்பித்தார். கருகல் வாசனை கூடம்வரை போனது. பள்ளியின் முழுப் பெயரை எழுத நேரமில்லை. ‘சேக்காடு பொண்ணுங்க’ என்று மட்டும் எழுதி, அதை அப்படியே கொண்டுபோய்த் தாளாளர் கையில் கொடுத்தார்.

“திருப்பிடாதே சார், சூடா கீது.”

தாளாளர் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி, அந்தப் பெண்களிடம் கொடுத்தார். முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் வெட்டிய எழுத்து அவர் விரலில் தட்டுப்படாமலா இருந்திருக்கும்? ஆனாலும் போட்டோவில் சிரித்தபடிதான் நின்றார். நான்கு பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஸ்டெபிலைசருக்கு வேலை போயிற்று. எனக்குப் போகவில்லை; நான்தான் வாயே திறக்கவில்லையே. “சரி சார்” என்றவர், பரிசுக் கம்ப்யூட்டரை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு சேக்காட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்தார். அங்கே வோல்டேஜ் சரியில்லையாம். தோள்பையில் இருந்த பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் பையோடு போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு விழாவுக்காக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் விட்டுப்போன ஸ்டெபிலைசர் பெட்டி மட்டும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றின் கீழே உறுமிக்கொண்டிருந்தது. சுவரில் அந்த ஷீல்டு, பின்பக்கம் தெரிய.

“ஏன்மா இப்படி மாட்டியிருக்கீங்க?” என்றேன், தெரியாதவன்போல.

“எங்களுக்கும் தெரியல சார்” என்றார் என்னைச் சுற்றிக்காட்டிய இளம் ஆசிரியை. “சூடா இருக்கும், திருப்பக்கூடாதுன்னு முன்ன இருந்த டீச்சருங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

அவர் அந்தப் பக்கம் போனதும் ஷீல்டை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். அந்த மனுஷனை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. நானும் திருப்பவில்லை.