மாலை போட்டு மறைத்த பல்

எந்த டொக்டரிடமும் போவேன், பல் டொக்டரிடம் மட்டும் போகமாட்டேன். இது என் கொள்கை. இந்தக் கொள்கைக்காக நான்கு மாதமாக வலது பக்கத்தால் மட்டும் சாப்பிட்டு வந்தேன். இடது கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருப்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தேன்.

அப்போது பார்த்து என் மகள் சிந்துஜாவின் ஸ்கூலிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அவளுக்கு ஏழு வயது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களின் குழிகளில் சொத்தை பிடிக்காமலிருக்கப் பூச்சுப் போட வேண்டுமாம். கண்டி கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு கார்மெண்ட்ஸ்ல லீவு இல்ல. நீங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் என் மனைவி ஜெயராணி. "அப்படியே உங்க பல்லையும் காட்டிட்டு வந்துருங்க."

"என் பல்லுக்கு என்ன? கருங்கல்லு!"

"அப்ப இந்த முறுக்கக் கடிங்க, பார்ப்போம்."

"இப்பத்தானே சாப்பிட்டேன்!"

மறுநாள் காலையிலேயே கோயிலுக்கு ஓடினேன். குருசாமி கையால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. பெண்டாட்டியே 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"விரதத்துல ஆயுதம் உடம்புல படக் கூடாது. பல் டொக்டர் எல்லாம் ஆகாது," என்றேன், கறுப்பு வேட்டியும் கம்பீரமுமாக.

"சரிங்க சாமி."

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயந்தரம் பக்தியோடு வந்து நின்றாள்.

"சாமி, மாலை போட்டவங்க பொய் சொல்லலாங்களா?"

"கூடவே கூடாது! பொய், கோபம் ரெண்டும் மகா பாவம்."

"அப்ப சொல்லுங்க சாமி. இடது பக்கப் பல்லு வலிக்குதா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. கழுத்தில் மாலை உறுத்தியது. கத்தித் தீர்க்கலாம் என்றால் கோபமும் கூடாது. நானே சொல்லித் தொலைத்திருக்கிறேன்!

"வலிக்குது."

"தெரியும் சாமி. குருசாமிகிட்டயும் கேட்டுட்டேன். பல்லு புடுங்குறதுக்கும் விரதத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். புதன்கிழமைக்கு ரெண்டு நம்பர் போட்டாச்சு."

கிளினிக்கில் சிந்துஜா சாய்வுக் கதிரையில் ஏறிப் படுத்தாள். பல்லைத் துடைத்தார்கள், எதையோ பூசினார்கள், நீல வெளிச்சம் பிடித்தார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பத்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே இறங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் எனக்கும் யாராவது இதைப் பூசித் தொலைத்திருக்கக் கூடாதா?

அடுத்த நம்பர் நான்.

"பயப்படாதீங்க சாமி அப்பா. சரணம் சொல்லுங்க," என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

பல் போனது போகட்டும். மாலையைக் கழற்ற இன்னும் நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. இன்று காலை தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே ஜெயராணி கேட்கிறாள்:

"சாமி, போன மாசம் ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனீங்களே, அன்னைக்குப் பல்லேகல கிரவுண்டுல கிரிக்கெட் மெச்சுத்தானே பார்த்தீங்க?"