எங்கடை வளவிலை கிடந்த பழங்கால உலை

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான். படலையைத் திறந்துவிட்டுச் சும்மா நிக்கவேணும்.

அரியாலையிலை எங்கடை வளவுக்குள்ளை மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டினம். பழைய பானைத் துண்டு நாலு வந்திட்டுது. தொல்லியல் திணைக்களக்காரர் வேலையை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். நிலத்துக்குக் கீழை என்ன கிடக்கெண்டு காந்தக் கருவியாலை பாப்பினமாம். பெரிசா ஏதும் இருந்தால் வீடு இல்லை.

கல்லு வைக்கிற நாளோ வெள்ளிக்கிழமை.

கருவியோடை திணைக்களத்திலையிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தா. இரும்பு ஏதும் கிட்ட வரப்படாதாம். திறப்பு, மணிக்கூடு, பாக்குவெட்டி எல்லாத்தையும் மதிலிலை வைச்சன். பல்லையும் கழட்டட்டோ எண்டு கேட்டன்.

"ஐயா தள்ளி நிண்டாலே காணும்."

கயிறு கட்டி, மேலையும் கீழையுமா நடந்து முடிச்சு, மத்தியானம் கணினியிலை படத்தைக் காட்டினா. அநேகமாச் சாம்பல் நிறம். வேலியோரம் ரெண்டு சின்னப் பொட்டு, கிணத்துக்குக் கிழக்கை ஒரு பெரிய கறுப்புப் பொட்டு.

"பழங்காலத்திலை இரும்பு உருக்கின உலையா இருக்கலாம் ஐயா. மேலிடத்துக்கு எழுதவேணும்."

மகளின்ரை முகம் விழுந்துபோச்சு. எனக்கு வேர்த்தது. அது வேறை காரணம்.

சண்டையிலை இடம்பெயர்ந்த நேரம், மனிசியின்ரை சீதனத் தையல் மெஷினை யூரியாப் பையிலை சுத்தி, முருங்கையடியிலை புதைச்சிட்டுப் போனனான். திரும்பி வந்தால் முருங்கையைக் காணேல்லை! பதினொரு கிடங்கு வெட்டியும் மெஷின் இல்லை. இடம் மறந்துபோச்செண்டு மனிசிக்குச் சொல்ல மானம் விடேல்லை. கள்ளர் மூண்டு பேர் கிண்டிக்கொண்டு ஓடினவங்கள், கடல்நீரேரி மட்டும் துரத்தினனான், ஒருத்தன் இடுப்பிலை கட்டியிருந்த சறம் என்ரை கையோடை வந்திட்டுது எண்டன். சறத்தையும் காட்டினன். சந்தையிலை வாங்கினது.

இப்ப வாயை மூடினால் மகளின்ரை வீடு போச்சு. திறந்தால் நான் போச்சு.

"பிள்ளை, உந்த உலைக்குக் கைபிடி இருக்கும்" எண்டன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, சின்னக் கரண்டியாலை மெல்ல மெல்லச் சுரண்டினா. முதல்லை யூரியாப் பை. பிறகு மெஷின்ரை சில்லு. கைபிடியும் இருந்தது.

மனிசி வந்து கிடங்கை எட்டிப் பாத்தா.

"இஞ்சாருங்கோ, கள்ளர் திருப்பிக் கொண்டுவந்து வைச்சிட்டாங்களோ?"

"ஓம்" எண்டன். "நல்ல பிள்ளையள்."

நிலத்திலை வேறை ஒண்டும் பெரிசா இல்லையெண்டு எழுதி வந்திட்டுது. வெள்ளிக்கிழமை கல்லும் வைச்சாச்சு. அந்தப் படத்திலை ஒரு பிரதி வாங்கி மனிசி குசினிச் சுவரிலை ஒட்டியிருக்கிறா. வேலியோரம் ரெண்டு சின்னக் கறுப்புப் பொட்டு இருக்கு. எனக்குச் சோறு போடேக்கை அதைக் காட்டி, உது என்னெண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா.

பொய்யைப் புதைக்கிறதெண்டால், இரும்பில்லாத பொய்யாப் பாத்துப் புதையுங்கோ.