இருபத்து நாலாவது ஜோடி

தோல்வி என்று ஒன்று நடந்துவிட்டால் அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தூக்கியவளுக்கு இந்த நம்பிக்கைகூட இல்லையென்றால் ஓய்வூதியம் வாங்கவே தகுதியில்லை. நம் நாட்டு மகளிர் கால்பந்து அணி, நம் ஊரிலேயே நடந்த போட்டியில் மூன்று ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. அதற்குப் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் விடாப்பிடியாக நின்று கண்டுபிடித்தேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறி வந்த எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம்தான். என் தாத்தா ரயில்வேயில் பேரேடு எழுதினார். அப்பா பொதுப்பணித் துறையில் பேரேடு எழுதினார். நான் ஓர் அமைச்சில் பொருள் கையிருப்புப் பிரிவில் இருந்துகொண்டு, மற்றவர்கள் எழுதிய பேரேட்டில் குற்றம் கண்டுபிடித்தேன். (இதைத்தான் எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்பார்கள்.) கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான்.

அப்படியிருந்தும் என்னை அணியின் நிர்வாகி ஆக்கினார்கள். பெண்கள் அணிக்கு நிர்வாகியாக ஒரு பெண் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு விதி இருந்தது. கால்பந்துச் சங்கத்தின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கியவர், என் கணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கே வந்து தேநீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், பந்து விஷயத்த கோச் பாத்துக்குவாங்க. பேப்பர் விஷயத்த நீங்க பாத்துக்குங்க. உங்களுக்குத் தெரியாத புரொசீஜரா?"

அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. புகழ்ச்சிக்கு மயங்கும் வயதுதான்.

பயிற்சியாளர் பெயர் மாலதி. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவள், அணிக்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். குரல் மட்டும் கரகரவென்று இருக்கும். மைதானத்தின் அந்தக் கோடியில் கத்தினால் இந்தக் கோடியில் இருக்கும் என் படிவங்கள் பறக்கும்.

போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஆதரவாளர் ஒருவர் புதுப் பூட்ஸ் அனுப்பினார். அடியில் நீளமான ஸ்டட் வைத்தது, ஈரத் தரையிலும் நன்றாகப் பிடிக்கும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நாலு மணிக்கு மழை பெய்யும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆட்டமோ ஐந்து மணிக்கு. பிள்ளைகளின் பழைய பூட்ஸோ தேய்ந்து, அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டிருந்தது. புதுப் பூட்ஸ் லோரியில் வந்து இறங்கியபோது மாலதி கைதட்டினாள்.

நான் கைதட்டவில்லை. வந்த பொருளை எண்ண வேண்டும், சரிபார்க்க வேண்டும், பதிய வேண்டும், எண் சீட்டு ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் யாரும் தொடலாம். அன்று மாலை மழை வந்துவிட்டதால் பெட்டிகளை மைதானத்து சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பைக்குள் போனது.

மறுநாள் காலையில் எண்ணினேன். ஒப்படைப்புச் சீட்டில் இருபத்து நாலு ஜோடி. அறையில் இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கி எண்ணினேன். பிறகு அனுப்பியவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"ஆன்டி, நான் என் கையால எண்ணி லோரியில ஏத்துனேன். இருபத்து நாலு."

"நான் நாலு தடவ எண்ணியாச்சு, பாஸ். இருபத்து மூணு."

"அப்ப அஞ்சாவது தடவ எண்ணிப் பாருங்க லா."

இந்த மரியாதைக் குறைவை நான் கோப்பில் குறித்துக்கொண்டேன். குறைவாக வந்த சரக்கை, குறைக்கு விளக்கம் கிடைக்கும்வரை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது நான் மூன்று தலைமுறை எழுத்தர்களுக்குப் பாடம் எடுத்த விதி. விளக்கம் கேட்டு ஒரு கடிதம், நினைவூட்டல் ஒன்று, இறுதி நினைவூட்டல் ஒன்று எழுதினேன். பூட்டு அப்படியே இருந்தது.

முதல் ஆட்டத்தன்று மழை சரியாக நாலு மணிக்கு வந்தது. (மழை எப்போதுமே நேரம் தவறுவதில்லை, அந்த ஒன்றுக்காக எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.) இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியிருந்தோம். பிள்ளைகள் பந்தை உதைக்கக் காலைத் தூக்குவார்கள். தரையில் இருக்கும் கால் தனியாக ஒரு பக்கம் போய்விடும். மாலதி நனைந்துகொண்டே சாமான் அறைக்கு ஓடிவந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், பெட்டியத் தொறங்க மேடம். புள்ளைங்க எண்ணெ கொட்டுன மாதிரி விழுதுங்க."

"இருபத்து மூணுதான் இருக்கு, மாலதி. இருபத்து நாலு வரணும்."

"என்கிட்ட இருக்குறதே இருபத்து மூணு பேருதான் மேடம்!"

"அது வேற விஷயம்" என்றேன். "இது டெலிவரி ஆர்டர்."

மாலதி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்று அதை நான் பயிற்சியாளரின் ஒழுக்கக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். 0-5. அடுத்தது 0-4. மூன்றாவது ஆட்டம் 0-6. அந்த மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பரின் உடை நனைந்ததே தவிர அழுக்காகவில்லை.

மறுநாள் டத்தோ கூப்பிட்டார். "மேடம், ஆளாளுக்குக் கேக்குறாங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். கோச்தான் சரியா இருக்கும்."

"விசாரிக்காமல் முடிவு எடுக்கக் கூடாது டத்தோ" என்றேன் கண்டிப்பாக. "விசாரித்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்."

அப்படி உண்மை கண்டறியும் குழு அமைந்தது. செயலாளர் நான். பத்தொன்பது கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தேன். பொறுப்பாளியைக் கண்டுபிடிக்காமல் ஓயப் போவதில்லை என்று கணவரிடம் சபதமே செய்தேன். அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். அந்த நாட்களில் அவர் அடிக்கடி கொல்லைப்புறம் போய்க்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை.

மாலதியையும் ஆட்டக்காரிகளையும் ஒவ்வொருவராக விசாரித்தேன். கடைசி ஆள் கோல்கீப்பர் தர்ஷினி. கிள்ளானில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதால் ரயில் ஏறிக் கடைக்கே போனேன். வாடிக்கையாளர்களுக்கு நடுவில் வாக்குமூலம் கொடுத்தாள்.

"முதல் கோல் எப்படி விழுந்தது?"

"வழுக்கிச்சு ஆன்டி."

"இரண்டாவது?"

"அதுவும் வழுக்கிச்சு. அண்ணே, அந்தக் கவர் உங்க போனுக்குச் சேராது, பக்கத்துல உள்ளத எடுங்க. மூணாவது கோலுக்கு நான் வழுக்கல ஆன்டி."

நான் ஆவலோடு பேனாவைத் திறந்தேன். "அப்படியா? யார் தவறு?"

"நான் ஏற்கனவே கீழதான் கெடந்தேன். எந்திரிக்க முடியல."

"கோச் சரியாகப் பயிற்சி கொடுத்தாரா?"

"எல்லாத்துக்கும் குடுத்தாங்க. வழுக்குறதுக்கு மட்டும் குடுக்கல."

பத்தொன்பதாவது கேள்வி: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? தர்ஷினி என் கைப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சாமான் அறைச் சாவி அதன் வாரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம் ஆன்டி. நீங்க பெரியவங்க."

'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

எல்லா வாக்குமூலங்களையும் தொகுத்தபோது 'வழுக்கியது' என்ற சொல் நாற்பத்தொரு முறை வந்திருந்தது. மூளை உள்ள எவரும் இதிலிருந்து பூட்ஸைப் பற்றி யோசித்திருப்பார்கள். நான் எழுதியது இது: "ஆட்டக்காரர்களிடம் உடல் சமநிலை போதவில்லை. சமநிலைப் பயிற்சியில் குறைபாடு உள்ளது. பொறுப்பு: பயிற்சியாளர்." முப்பது பக்கம். திங்கட்கிழமை கூட்டத்தில் கையெழுத்தானால் மாலதிக்கு வேலை போய்விடும். பழைய தொழிற்சாலை வேலையும் திரும்பக் கிடைக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அறிக்கையின் ஓரங்கள் ஒரே சீராக இருக்கின்றனவா என்றுதான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மழை வந்தது. கொல்லைப்புறத் துணிகளை எடுக்க ஓடினேன். எங்கள் கொல்லைப்புற சிமென்டுத் தரையில் பாசி அதிகம். வாசற்படியில் கால் வைத்ததும் நான் சறுக்கிக்கொண்டு போய் வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்தேன்.

மழையில் ஒருவர் மட்டும் வழுக்காமல் நின்று, சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தால் தண்ணீரைக் கால்வாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தார். என் கணவர். காலில் பளீரென்ற பச்சை நிறப் பூட்ஸ்.

"என்னங்க அது?"

"நீ வாங்கிட்டு வந்த ஷூதான் பத்மா. துணிப்பையில வச்சிருந்தியே. போன மாசம் நான் வழுக்கி விழுந்தேன்ல, அதுக்குத்தான் வாங்கினேன்னு நெனச்சேன்." ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். "என்னமா பிடிக்குது பாரு! மூணு வாரமாப் போடுறேன். ஒரு தடவகூட வழுக்கல லா."

(அவர் கால் சிறியது. கல்யாணத்தில் என் தங்கைகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்தக் கால் என்னைப் பழிவாங்கியது.)

நான் வாஷிங் மெஷினை விடாமல் அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய் 'மாதிரிகள்' என்ற கோப்பைத் திறந்தேன். முதல் தாளே அதுதான். பதிவுக்காக அளவும் நிறமும் குறிக்க ஒரு ஜோடி எடுத்ததற்கான சீட்டு. தேதி, லோரி வந்த அதே நாள். எடுத்தவர்: பத்மாவதி. கொடுத்தவர்: பத்மாவதி. அனுமதித்தவர்: பத்மாவதி. மூன்று கையெழுத்தும் மிக அழகாக இருந்தன.

அன்று நான் அழவில்லை. அழுவதற்குப் படிவம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தேன். எனக்கு நானே காரணம் கோரும் கடிதம் எழுதினேன். விதிப்படி பதினான்கு நாள் அவகாசம் கொடுத்தேன். அவகாசத்தைப் பயன்படுத்தாமல் அன்றே பதில் எழுதினேன். அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்று நிராகரித்தேன். முப்பது பக்க அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் புது அறிக்கை எழுதினேன். பொறுப்பு: நிர்வாகி.

திங்கட்கிழமை கூட்டத்தில் டத்தோ அதைப் படித்துவிட்டு இருமினார்.

"மேடம், இது வேணாமே. ஒரு ஜோடி ஷூவுக்காகத் தோத்தோம்னு சொன்னா சிரிப்பாங்க. பழைய ரிப்போர்ட்டே நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒரு ஜோடிக்காக இல்ல டத்தோ. இருபத்து மூணு ஜோடி உள்ள இருந்துச்சு. நான் வெளிய இருந்தேன்."

"கோச்ச மாத்துறதுன்னு பேசி முடிச்சாச்சு மேடம்."

"எந்தக் கூட்டத்தில? குறிப்பு இருக்கா?"

இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அப்படியானால் என் அறிக்கையைக் குறிப்பில் ஏற்றாமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் போனது. என்னை உட்கார வைத்துக் களைப்படையச் செய்யலாம் என்று நினைத்தார்கள் பாவம். அரசாங்கக் கூட்டங்களில் நான் மதிய உணவு இல்லாமல் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணிக்கு டத்தோவுக்குப் பசி தாங்கவில்லை. குறிப்பில் ஏற்றினார்கள். மாலதி வேலையில் நீடித்தாள். என் ராஜினாமாவையும் அதே கூட்டத்தில் நானே முன்மொழிந்தேன். வழிமொழிய ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். (ஒருவர் போதும் என்று விளக்க வேண்டியிருந்தது.)

வெளியே மாலதி நின்றிருந்தாள்.

"நீ ஏன் விசாரணையில பூட்ஸைப் பத்திச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா மேடம்?"

கைப்பையிலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கையெழுத்து வாங்காமல் நான் ஒப்படைத்த முதல் சாமான் அதுதான்.

அடுத்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மழை கொட்டியது. 0-2 என்று தோற்றார்கள். ஆனால் ஒருத்திகூட விழவில்லை. பார்வையாளர் வரிசையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு முட்டாள் கிழவி மட்டும் அதற்காகக் கைதட்டினாள்.

இருபத்து நாலாவது ஜோடியைச் சங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பயன்படுத்திய பொருளாம். அது இன்னும் எங்கள் கொல்லைப்புறத்தில், என் கணவரின் காலில் இருக்கிறது. சுபாங் ஜெயாவில் இருக்கும் என் மகள் வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போனால்கூட, என்னைக் கூப்பிட்டு "அம்மா, மாதிரிக்கு எடுத்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் தர்ஷினிக்குக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் விட்டிருந்த என் கணவரின் செருப்பைக் காணவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பாளி யார் என்று மண்டபக் காவலரை விசாரிக்க ஆரம்பித்தேன். எப்போது விட்டது, என்ன நிறம், யார் யார் அந்தப் பக்கம் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. மாலதியும் வந்து நின்றாள்.

மேடையிலிருந்து மணப்பெண்ணே மாலையோடு இறங்கி வந்தாள்.

"ஆன்டி" என்றாள் தர்ஷினி. "மொதல்ல உங்க பையத் தொறங்க."

திறந்தேன். காணாமல் போய்விடக் கூடாதே என்று நானே பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வைத்திருந்த செருப்பு, பத்திரமாக இருந்தது.