டெரெல் விட்ட வேலை

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்குறே?"

"முப்பது, மேடம்."

"அதான் பாத்தேன்!" என்றார் ரோசலின் புரூயிட்.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு சமுதாயக் கல்லூரியின் மாணவர் ஆலோசகர் அவர். மதிப்பெண் சரிந்து கண்காணிப்புப் பட்டியலில் வீழ்ந்தவர்களின் வீழ்ச்சிக்கு வேர் எது என்று, அடி தேடி மண் அகழ்ந்த வராகம்போல் அயராது தோண்டுபவர். எதிரே அமர்ந்திருந்த டெரெல், கணக்கில் மட்டும் மயிரிழையில் சறுக்கியிருந்தான். இந்தப் பருவமும் சறுக்கினால் கல்லூரியிலிருந்தே நீக்கம்.

"முதல்ல அந்த வேலையை விடு. உதவித்தொகைக்கு நான் ஆச்சு."

"அது வந்து, மேடம்..."

"வந்தும் இல்லை, போயும் இல்லை. படிப்பா, வேலையா?"

விட்டான். அடுத்த தேர்வில் கணக்கோடு வேதியியலும் போயிற்று.

ரோசலினுக்கு வியப்பு மிகுந்தது. "வீட்டுல எங்க உக்காந்து படிக்கிறேப்பா?"

"அக்கா பிள்ளைங்க என் முதுகுல ஏறிக் குதிரை ஓட்டுற இடத்துல."

உடனே நூலகத்தில் சன்னலோர இருக்கை ஒன்றை ஒதுக்கித் தந்தார். வெளியே பனிப்பொழிவு, உள்ளே இளஞ்சூடு. டெரெல் பாற்கடல் கண்டவன்போல் துயில் கொண்டான். வரலாறும் போயிற்று.

தனிமைதான் துயிலுக்கு வித்து என்று தெளிந்து, படிப்புக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். அங்கே சீட்டாட்டத்தில் டெரெல் முதலிடம் பெற்றான். ஆங்கிலமும் போயிற்று.

இறுதித் தேர்வு நெருங்கியது. ரோசலின் தளர்ந்த குரலில், "நீயே சொல்லுப்பா, உனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"என் பழைய வேலை, மேடம்."

"மறுபடியும் அதுவா? அங்க அப்படி என்னதான் இருக்கு?"

கதவைத் தட்டிவிட்டு, பனி படிந்த தொப்பியோடு ஒருவன் உள்ளே வந்தான். பெயர் டூயி. பட்டியலில் டெரெலுக்கும் கீழே கிடந்தவன், இப்போது எல்லாப் பாடத்திலும் முதல் தரம். அந்த மர்மத்தை அறியவே ரோசலின் அவனையும் அழைத்திருந்தார்.

"நீ மட்டும் எப்படிப்பா தேறினே?"

டூயி டெரெலைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தான்.

"இவன் விட்ட வேலையிலதான் சேர்ந்தேன், மேடம். நிலவறைக் கார் நிறுத்தத்துல கண்ணாடிக் கூண்டு. ஒரு விளக்கு, ஒரு ஹீட்டர். போன்ல சிக்னல் கிடையாது, சாயங்காலம் ஆனா காரும் வராது. புத்தகத்தை விட்டா வேற கதியே இல்ல! பாதி நாள் இவனுக்கே விட்டுத் தரேன். ஆனா உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்கு மட்டும் உதவி பண்ணிடாதீங்க!"