புஷிக்கு எண்ணெய் ஸ்நானம்

இருபத்திரண்டு வயதில் உலகத்தைத் திருத்திவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. எனக்கும் வந்தது. உலகம் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் நான் ஒரு பூனையிடம் ஆரம்பித்தேன்.

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் ஓட ஆரம்பித்திருந்த காலம். நான் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. பவானிபூரில் ஒரு வங்காளி வக்கீலின் வீட்டு மாடியில் நானும் என் மனைவி செல்லமும் குடியிருந்தோம். வக்கீலின் சம்சாரத்தை மாஷிமா என்று கூப்பிடுவோம் (நம் ஊர் 'சித்தி' மாதிரி). மாஷிமாவின் செல்வம் புஷி என்ற வெள்ளைப் பூனை. அங்கே பூனை சாதாரணப் பிராணி அல்ல. குழந்தைகளைக் காக்கும் ஷஷ்டி தேவிக்கு அதுதான் வாகனம். பூனைக்கு ஒரு கெடுதல் என்றால் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது என்று பயப்படுவார்கள்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, பிரசவத்துக்கு மகளை அழைத்துவர மாஷிமாவும் வக்கீலும் கிருஷ்ணநகர் புறப்பட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. "திங்கட்கிழமை வந்துவிடுவோம். புஷியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று மாஷிமா என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். பாலும் சோறும் வை என்றுதான் சொன்னாள். குளிப்பாட்டு என்று சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை.

மறுநாள் என் மடி வேஷ்டி மேல் புஷி படுத்திருந்ததைப் பார்த்தேன். தினம் மீன் தின்கிற பூனை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் குளித்திருக்காது என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாரம் ஒரு தரம் குளிப்பாட்டுவது என்று அங்கேயே சட்டம் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் ஸ்நானம் பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி. ஆகவே புஷி ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. (அந்த ஆராய்ச்சியிலேயே இரண்டு கீறல்.) பெண்தான் என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமை காலை நல்லெண்ணெய் காய்ச்சினேன்.

"வேண்டாம்னா. அது என்ன உங்க தங்கையா?" என்றாள் செல்லம்.

"நீ வெந்நீரை எடுத்துண்டு வா" என்றேன் நான். ஆபீசில் நான் கட்டளையிட எனக்குக் கீழே ஒருவரும் இல்லாததால் வீட்டில் அந்தத் தொனி நன்றாக வரும்.

எண்ணெய் தேய்த்தபோது புஷி சாதுவாக இருந்தது. கண்ணைக்கூட மூடிக்கொண்டது. என் திட்டத்தை அது புரிந்துகொண்டுவிட்டதாகவே நினைத்தேன். சீயக்காயோடு முதல் செம்பு வெந்நீர் விழுந்ததும் என் மார்பு, தோள், தலை என்று ஏறி மாடிப்படியில் குதித்து ஓடியது. படிக்குக் கீழே அடுப்புக் கரிக் குவியல். எண்ணெயும் ஈரமுமாக அதில் போய்ப் புரண்டது. வெளியே வந்தபோது அது வேறு பூனை.

அதற்கப்புறம் அது செய்ததைத்தான் நான் அன்றுவரை கவனித்ததில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, காலிலிருந்து வால்வரை தன்னை நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. தினமும் பத்து தரம் அப்படித்தான் செய்திருக்கும். அன்றைக்கு நல்லெண்ணெய், சீயக்காய், கரி எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிற்று.

மாலையில் வாந்தி. ராத்திரி முழுக்க நடுக்கம். சனிக்கிழமை பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்லம் தன் பழைய புடவையில் அதைச் சுற்றி அடுப்பருகே மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வயித்தோட வராளே" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மாஷிமா எந்த முகத்தோடு படியேறி வருவாள் என்று நினைத்து நான் உண்மையாகவே பயந்தேன்.

ஞாயிறு காலை செல்லம், "மீன் வாங்கிண்டு வாங்கோ. அதுக்குத் தெரிஞ்ச சாப்பாடு அதுதானே" என்றாள்.

பஜாருக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீன் வாங்கினேன். இலையில் சுற்றிக் கொடுத்தான். திரும்பினால் எதிரே பூசணிக்காயும் கையுமாகக் கணபதி ஐயர். எங்கள் கும்பகோணத்துத் தெருக்காரர், அப்பாவின் சிநேகிதர்.

"என்னடா அம்பி, கையில என்ன?"

"கத்திரிக்காய் மாமா."

இலைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்ல பிஞ்சாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செல்லம் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் மண்சட்டி வைத்து மீனை வேகவைத்தாள். புஷி முதலில் முகர்ந்தது. பிறகு ஒரு வாய். சாயங்காலத்துக்குள் சட்டி காலி. செல்லம் அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை மாஷிமா வந்து புஷியைத் தூக்கி முகர்ந்தாள். நல்லெண்ணெய் வாசனை காட்டிக்கொடுத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புஷியைத் தடவிக்கொண்டே, பிள்ளையை அழைக்கும் குரலில், "அது என்றைக்காவது உன்னை நக்கிச் சுத்தம் செய்ய வந்ததா, பாபா?" என்று கேட்டாள். நான் அழுக்கு என்று அதற்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் அது என்னை என் வழியில் விட்டிருந்தது. மாசியில் பேரன் பிறந்தான். தொட்டிலுக்குக் கீழே புஷிதான் காவல்.

பங்குனியில் அப்பாவின் கடிதம் வந்தது. 'நீ மீன் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையை எழுது.' இரண்டே வரி, அவ்வளவுதான்.

உண்மையை எழுதினேன். வெள்ளிக்கிழமை, சீயக்காய், கரி, கத்திரிக்காய் உட்பட நான்கு பக்கம். பதினைந்து நாளில் பதில் வந்தது: 'மீன் சாப்பிட்டதைக்கூட மன்னிக்கலாம். பெற்றவனிடம் இப்படி ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டாம்.'

செல்லம் சாட்சி சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண் என்று அப்பா அவளைப் பாராட்டினார். கடைசிவரை அவர் என்னை நம்பவேயில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது நேரம் கழித்து வந்து ஏதாவது காரணம் சொன்னால், "பூனைக்கு எண்ணெய் தேய்ச்சுண்டிருந்தியாக்கும்" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் காரணம் எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு நான் அதை நம்பிவிடுகிறேன்.